மங்கம்மாளின் மாளிகைகள்

ஆண்டவர்கள் மறைந்த பின் அவர்களுடைய மாளிகைகளுக்கு நேர்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கேட்பாரற்று இடிந்து போகும். அல்லது ஏதேனும் அலுவலகமாகிக் கோப்புகளுக்கு இடம் கொடுக்கும். அருங்காட்சியகமாகும் நற்பேறு சில மாளிகைகளுக்கே வாய்க்கிறது. ராணி மங்கம்மாளின் பெயரோடு இணைந்த இரண்டு மாளிகைகளுக்கு அந்த நற்பேறு வாய்த்திருக்கிறது.

ஒன்று, திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை அருகில் உள்ள ராணி மங்கம்மாள் மகால். நாயக்கர் ஆட்சியில் கொலு மண்டபமாக விளங்கிய அக்கட்டடத்தில்தான் திருச்சி அரசு அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. மற்றொன்று, வைகையின் வடகரையில் உள்ள தமுக்கம் அரண்மனை. கோடைக்காலத்தில் தங்குவதற்கான தோட்ட மாளிகையாக எழுந்த அது, ஆர்க்காட்டு நவாபு, கிழக்கிந்தியக் கம்பெனி எனப் பலரிடம் கைமாறியது. 1955-இல் ஏறத்தாழ 13 ஏக்கர் நிலத்துடன் காந்தி நினைவு நிதிக்கு வழங்கப்பட்டது. 1959 ஏப்ரல் 15-ஆம் நாள் பிரதமர் நேரு அதை காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். மதுரை வட்டாரத்தின் வரலாற்றைச் சொல்லும் அரசு அருங்காட்சியகமும் 1981 முதல் அதே வளாகத்தில் உள்ளது.

தமுக்கம் என்றால் மதுரைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது மைதானமும் சித்திரைப் பொருட்காட்சியும்தான். அந்தச் சொல் கோடை மாளிகையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது என்பதோ, அதில் ஒரு பெண் வாழ்ந்து நாட்டை ஆண்டார் என்பதோ அங்கே ராட்டினம் ஏறும் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? மங்கம்மாளின் பெயர் தெரியாதவர்கள் தென்தமிழகத்தில் இல்லை. அவருடைய ஆட்சியைத் தெரிந்தவர்கள்தாம் குறைவு.

எனக்கும் அவர் முதலில் ஒரு கதையாகத்தான் அறிமுகமானார். சிறுவயதில் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதை அது. ராணி ஒரு நாள் நினைவு தவறி இடக்கையால் தாம்பூலம் தரித்துவிட்டாராம். அந்தப் பாவம் தீரச் சாலைகள் போட்டு, மரங்கள் நட்டு, சத்திரங்கள் கட்டினாராம். அழகான கதை. ஆனால், பின்னாளில் மதுரை நாயக்கர் வரலாற்றைப் படித்தபோது, அந்தக் கதை ஓர் ஆட்சியாளரை எவ்வளவு சிறியவராக்கிவிட்டது என்பது எனக்குப் புரிந்தது.

மங்கம்மாள், சொக்கநாத நாயக்கரின் படைத்தலைவர்களுள் ஒருவரான துப்பாகுல லிங்கம நாயக்கரின் மகள். சொக்கநாதருக்கு வாழ்க்கைப்பட்டு மதுரை நாயக்கர் அரண்மனைக்கு வந்தார். திருமலை நாயக்கர் 1659-இல் மறைந்த பின், அதே ஆண்டில் பட்டத்துக்கு வந்தவர் சொக்கநாதர். ஊக்கம் மிகுந்தவர், ஆனால், தொடங்கியதை நிலைநிறுத்தும் பொறுமை வாய்க்காதவர். தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். 1673-இல் தஞ்சை மீது படையெடுத்து அங்கிருந்த நாயக்க அரசை வீழ்த்தினார். அந்த வெற்றியின் பயனை அவர் நெடுநாள் அனுபவிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றி மராத்தியர் ஆட்சியை நிறுவிவிட்டார்.

அதன் பிறகு சொக்கநாதருக்கு இறங்குமுகம்தான். மைசூர் ஒருபுறம் நாட்டைக் கடித்தெடுத்தது. மராத்தியர் மறுபுறம் நெருக்கினர். ருஸ்தம் கான் என்ற படைத்தலைவன் மன்னரைச் செயலற்றவராக்கி அதிகாரத்தைச் சிறிது காலம் தன் கையில் வைத்திருந்தான். 1682-இல் சொக்கநாதர் மறைந்தபோது அவர் விட்டுச்சென்றது பரப்பு சுருங்கி, கருவூலம் வற்றிய ஓர் அரசு. இத்தனையையும் அரண்மனைக்குள் இருந்து பார்த்தவர் மங்கம்மாள். அவருக்கு அரசியல் பாடம் கற்பித்தவை கணவரின் தோல்விகளே என்பது என் கருத்து.

கணவர் மறைந்ததும் உடன்கட்டை ஏறுவது அக்காலத்து அரச குடும்பங்களில் பெருமைக்குரியதாகக் கருதப்பட்டது. மங்கம்மாள் ஏறவில்லை. இளம்பருவத்து மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் இருந்தார்; நாடும் இருந்தது. மகனை அரியணையில் அமர்த்திப் பின்னின்று துணை புரிந்தார். முத்துவீரப்பர் துணிவும் நல்லெண்ணமும் உள்ளவர் என்று பெயர் பெற்றார். இழந்த பகுதிகளில் சிலவற்றை மீட்டார். ஆனால், 1689-இல் பெரியம்மை அவரைக் கொண்டுபோயிற்று.

அப்போது அவருடைய மனைவி சின்ன முத்தம்மாள் கருவுற்றிருந்தார். கணவரோடு தானும் எரிய வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததாகவும், வயிற்றில் இருக்கும் பிள்ளையைக் காட்டி மங்கம்மாள் தடுத்ததாகவும் அக்காலக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த சில நாள்களில் தாய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கணவர், மகன், மருமகள் மூவரையும் ஏழே ஆண்டுகளில் பறிகொடுத்த மங்கம்மாளின் கையில் மிஞ்சியது ஒரு கைக்குழந்தை. விஜயரங்க சொக்கநாதர் என்று பெயரிட்டு, மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே அவருக்குப் பட்டம் சூட்டினார். குழந்தையின் பெயரால் ஆட்சிப் பொறுப்பைத் தாமே ஏற்றார்.

1689-இல் தொடங்கி ஏறத்தாழ 17 ஆண்டுகள் அந்த ஆட்சி நீடித்தது. அவர் முடிசூடிய அரசியல்லர், காப்பாட்சியாளர். பட்டம் பேரனுக்கு, பொறுப்பு பாட்டிக்கு. நல்லது நடந்தால் மன்னர் பெயரில் சாசனம் எழுதப்படும்; தீங்கு நேர்ந்தால் பழி பாட்டியின் மீது விழும். இந்த ஏற்பாட்டின் கடினத்தை உணராமல் அவருடைய ஆட்சியை மதிப்பிட முடியாது.

அவர் பொறுப்பேற்ற காலத்தில் தென்னகத்தின் வரைபடமே மாறிக்கொண்டிருந்தது. ஔரங்கசீப் 1686-இல் பிஜப்பூரையும் 1687-இல் கோல்கொண்டாவையும் வீழ்த்தியிருந்தார். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். 1698 வரை நீண்ட முற்றுகை அது. அந்தப் படை தெற்கே இன்னும் சற்று நகர்ந்தால் திருச்சிராப்பள்ளிதான். பிஜப்பூரும் கோல்கொண்டாவும் தாங்காத பெரும்படையை மதுரை எதிர்கொள்வதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மங்கம்மாள் திறை செலுத்த முடிவு செய்தார். விலையுயர்ந்த பரிசுகளை அனுப்பி முகலாயரின் நட்பைப் பெற்றார். அதோடு நிற்கவில்லை. மராத்தியர் பறித்துக்கொண்ட சில பகுதிகளை மீட்க அந்த நட்பையே பயன்படுத்திக்கொண்டார். இதைப் பணிவு என்று குறைகூறுவோர் உண்டு. வாளை உயர்த்திக் கோட்டையோடு அழிவதே வீரம் என்று கருதும் வரலாற்றுப் பார்வைக்கு இது சுவைக்காது. ஆனால், செஞ்சியைச் சுற்றியிருந்த ஊர்கள் எட்டாண்டுப் போரில் பட்ட பாட்டைத் திருச்சியும் மதுரையும் படாமல் தப்பின. அந்த ஊர்களின் உழவருக்கு அந்தத் திறை மலிவான விலைதான்.

பணிய வேண்டிய இடத்தில் பணிந்தவர், நிமிர வேண்டிய இடத்தில் நிமிரவும் தவறவில்லை. திருவிதாங்கூர் கட்ட வேண்டிய கப்பத்தை நிறுத்திவிட்டு, அதை வாங்க வந்த படையையும் முறியடித்தபோது, தளவாய் நரசப்பையர் தலைமையில் மீண்டும் படை அனுப்பினார். படை வென்று நிலுவையோடு திரும்பியது. தஞ்சை மராத்தியர் எல்லைப் பகுதிகளில் புகுந்து கொள்ளையிட்டபோது, 1700-இல் அதே நரசப்பையர் தஞ்சை நாட்டுக்குள் நுழைந்து பதிலடி கொடுத்தார். தஞ்சை மன்னர் ஷாஜியின் அமைச்சர் பாலாஜி பெரும்பொருள் கொடுத்து அமைதியை வாங்க வேண்டியதாயிற்று.

இதற்குப் பிறகு நடந்ததுதான் மங்கம்மாளின் அரசியல் முதிர்ச்சிக்குச் சிறந்த சான்று. மைசூரின் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை எழுப்பி நீரைத் தடுத்தார். கீழே தஞ்சையும் திருச்சியும் ஒருசேரக் காய்ந்தன. நேற்று வரை போர்க்களத்தில் நின்ற இரண்டு அரசுகள் கைகோத்தன. மதுரை, தஞ்சைப் படைகள் கூடி மைசூருக்கு எதிராகப் புறப்பட ஆயத்தமாயின. போருக்குத் தேவை ஏற்படவில்லை. பெருமழை பெய்து வெள்ளம் அணையை உடைத்துச் சென்றது. காவிரி நீருக்காக மாநிலங்கள் வழக்காடும் காலத்தில் வாழும் நமக்கு, 300 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஒற்றுமை சிந்திக்கத்தக்கது. பகைவரே ஆனாலும் ஒரே ஆற்றை உண்பவர்கள் ஒரே பக்கம் நிற்பவர்கள் என்பதை அந்தப் பெண்மணி அறிந்திருந்தார்.

அவருடைய ஆட்சியில் தோல்வியே இல்லை என்று எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதியை அடக்க 1702-இல் அனுப்பிய படை தோற்றது. தளவாய் நரசப்பையர் அந்தப் போரில் வீழ்ந்தார். சேதுபதி நாடு மதுரையின் பிடியிலிருந்து விலகியது. தம் வலக்கரமாக விளங்கிய தளபதியை இழந்தபின் மங்கம்மாளின் ஆட்சி பழைய வலிமையை மீண்டும் பெறவில்லை. சேதுபதியின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட்டது அவர் செய்த பெரும்பிழை.

சமயத்தில் அவர் நடந்துகொண்ட முறை தனியே சொல்லத்தக்கது. அவர் மீனாட்சியிடம் பெரும் பற்றுக் கொண்டவர். மதுரைக் கோயிலின் ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் உள்ள திருக்கல்யாண ஓவியங்களோடு அவரும் சிறுவனான பேரனும் தீட்டப்பட்டுள்ளனர். இந்தப் பற்று, பிற சமயத்தாரை வெறுக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்துவிடவில்லை. சேதுபதி நாட்டில் அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்டார். அதே நாட்டில் சிறைப்பட்டிருந்த மெல்லோ பாதிரியாரின் விடுதலைக்கு மங்கம்மாள் முயன்று வெற்றி கண்டார். இயேசு சபையைச் சேர்ந்த பூஷே பாதிரியார் திருச்சியில் மதிப்போடு வரவேற்கப்பட்டார். திருச்சியில் உள்ள நத்தர்வலி தர்காவுக்கு 1701-இல் நிலக்கொடை வழங்கப்பட்டது. இந்தச் செய்திகளில் பல இயேசு சபையார் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களிலும் செப்பேடுகளிலும் பதிவாகியுள்ளன.

இனி, சாலைகளுக்கு வருவோம். மதுரையிலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் சென்ற நெடுவழியை அவர் செப்பனிட்டு, இருபுறமும் நிழல் மரங்கள் வளர்த்து, இடையிடையே சத்திரம், சாவடி, கிணறு, தண்ணீர்ப்பந்தல் அமைத்தார் என்பது தென்மாவட்டங்களின் நினைவில் நிலைத்த செய்தி. மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் பல ஊர்களில் வழங்குகிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரத்தை, வெளியூரிலிருந்து கோயிலுக்கு வந்த எத்தனையோ தலைமுறையினர் அறிவர். திருச்சியில் சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்காலைச் சீர்செய்த பணியும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

சாலை என்பது அந்தக் காலத்தில் வெறும் அறப்பணி அன்று. படை நகர வேண்டும். தூரத்துப் பாளையங்களிலிருந்து வரி வந்து சேர வேண்டும். வணிகர் அஞ்சாமல் பயணிக்க வேண்டும். தெற்கே திருவிதாங்கூர் எல்லை வரை அதிகாரம் செலுத்த விரும்பும் ஓர் அரசுக்கு அந்த நெடுவழி முதுகெலும்பு. வழிப்போக்கருக்கு நிழலும் நீரும் கொடுத்தது அதன் அருள்முகம். அரசின் கையை நீட்டிக் கொடுத்தது அதன் அரசியல் முகம். இரண்டையும் சேர்த்துச் சிந்தித்தவரை ஆட்சியாளர் என்கிறோம்.

இங்குதான் அந்தத் தாம்பூலக் கதை எனக்கு உறுத்துகிறது. திருமலை நாயக்கர் மகால் கட்டியதற்குக் காரணம் தேட யாரும் அவருடைய இடக்கையைப் பார்க்கவில்லை. கரிகாலன் காவிரிக்குக் கரை எழுப்பியது எந்தப் பாவத்துக்குக் கழுவாய் என்று யாரும் கேட்டதில்லை. ஓர் ஆண் சாலை போட்டால் அது ஆட்சித்திறன். ஒரு பெண் போட்டால் அது பரிகாரம். கதை சொன்ன நம் பாட்டிமார்களிடம் வஞ்சகம் இல்லை. அவர்கள் ராணியை நேசித்தே அதைச் சொன்னார்கள். ஆனால், ஒரு பெண் தன் அறிவால் திட்டமிட்டு இவ்வளவும் செய்தார் என்று ஏற்பதைவிட, தவறு செய்து அஞ்சிச் செய்தார் என்று ஏற்பது ஊருக்கு எளிதாக இருந்திருக்கிறது.

இதனினும் கொடியது மற்றொரு கதை. கணவரை இழந்த ராணி அமைச்சர் ஒருவரோடு தகாத நட்புக் கொண்டார் என்ற அவதூறு அவர் இருந்த காலத்தை அடுத்தே பரவத் தொடங்கியது. பின்னர் ஆங்கிலேயர் எழுதிய நூல்கள் வரை அது ஏறிவிட்டது. ஆட்சி செய்யும் ஆண் அமைச்சரோடு ஆலோசித்தால் அரசியல், பெண் ஆலோசித்தால் அந்தரங்கம் என்ற பார்வையின் விளைவு இது. 17 ஆண்டுகள் நான்கு திசைகளிலும் பகைவர் சூழ்ந்த நாட்டைக் காத்த ஒருவரைப் பற்றி ஊர் பேசிய பேச்சு இது என்பதை எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது. இன்றும் பொதுவாழ்வில் இறங்கும் பெண்கள் கேட்கும் பேச்சு இதிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டதா என்பதை வாசகர்கள் தங்கள் ஊர்த் தேர்தல்களை நினைத்துப் பார்த்து முடிவு செய்யட்டும்.

அவருடைய இறுதி நாள்களும் துயரமானவை. பேரன் வளர்ந்தார். ஆட்சி தன் கைக்கு வர வேண்டும் என்று அவரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் விரும்பினர். பாட்டி சிறைவைக்கப்பட்டார் என்றும், உணவைக் கண்ணுக்கு எதிரே கைக்கு எட்டாத தொலைவில் வைத்துப் பட்டினியால் அவரைக் கொன்றார்கள் என்றும் மக்கள் மரபு சொல்கிறது. கதையின் நுணுக்கங்கள் எப்படியாயினும், 1706-ஆம் ஆண்டுவாக்கில் அவருடைய காலம் முடிந்தது. மூன்று மாதக் குழந்தையாகத் தான் மடியில் ஏந்தி முடிசூட்டியவரின் பெயரோடு தன் சாவு சேர்த்துப் பேசப்படும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

விஜயரங்க சொக்கநாதர் 1732 வரை ஆண்டார். பக்தியும் கொடையும் மிகுந்தவர். ஆட்சியில் நாட்டம் குறைந்தவர். திருவரங்கம் கோயிலில் குடும்பத்தாரோடு கைகூப்பி நிற்கும் அவருடைய சிலைகளை இன்றும் காணலாம். அவருக்கு மகப்பேறு இல்லை. அவருக்குப் பின் அவருடைய மனைவி மீனாட்சி பொறுப்பேற்றபோது, பங்காளிகளின் பூசலுக்கிடையே சந்தா சாகிப் நுழைந்தார். மங்கம்மாள் மறைந்து ஏறத்தாழ 30 ஆண்டுகளில் மதுரை நாயக்கர் அரசு மறைந்துபோயிற்று. இரண்டு நூற்றாண்டுகள் நின்ற அரசு அது. அதன் கடைசி நல்ல ஆண்டுகள் எவை என்று கேட்டால், பாட்டி ஆண்ட ஆண்டுகள் என்பதே என் விடை.

இப்போது மீண்டும் அந்த மாளிகைகளைப் பார்ப்போம். காந்தியடிகள் இறுதியாக அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த ஆடையைக் காண உலகெங்குமிருந்தும் மக்கள் தமுக்கத்துக்கு வருகிறார்கள். 1921-இல் மதுரையில்தான் காந்தியடிகள் மேலாடை துறந்தார். ஆகவே அந்த அருங்காட்சியகம் இந்த நகரில் அமைந்ததில் பொருத்தம் உண்டு. பிற சமயத்தாரைக் காத்த ஓர் அரசியின் மாளிகையில் அவருடைய நினைவுகள் குடியிருப்பதில் இன்னும் ஆழமான பொருத்தம் உண்டு. அந்தப் பொருத்தத்தை வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

வரலாற்றுக் கட்டடத்தில் இயங்கும் அருங்காட்சியகத்துக்கு இரண்டு பொறுப்புகள் உண்டு. பேழைக்குள் இருக்கும் பொருளின் கதையைச் சொல்வது ஒன்று. பேழையைத் தாங்கி நிற்கும் சுவரின் கதையைச் சொல்வது மற்றொன்று. சிலைகளும் நாணயங்களும் ஓலைச்சுவடிகளும் எந்தக் கட்டடத்திலும் இருக்க முடியும். ஒரு பெண் அமர்ந்து திறை கொடுப்பதா, போர் தொடுப்பதா என்று முடிவெடுத்த மண்டபம் வேறெங்கும் இருக்க முடியாது.

திருச்சியிலும் மதுரையிலும் மங்கம்மாளுக்கென ஒரு கூடம் ஒதுக்குவது பெருஞ்செலவு பிடிக்கும் செயல் அன்று. அவருடைய காலத்துச் செப்பேடுகளின் படிகள், கல்வெட்டுகளின் வாசகங்கள், சாலைகளும் சத்திரங்களும் குறிக்கப்பட்ட ஒரு வரைபடம், ஊஞ்சல் மண்டபத்து ஓவியத்தின் நல்லதொரு புகைப்படம், காவிரி அணைச் செய்தியைச் சொல்லும் ஒரு பலகை ஆகியவை போதும். தாம்பூலக் கதையையும் அங்கே வைக்கலாம். அது கதை என்ற குறிப்போடு வைக்க வேண்டும். பள்ளி மாணவியர் அந்தக் கூடத்தைச் சுற்றி வரும்போது, பாவத்துக்கு அஞ்சிய ஒரு ராணியை அல்ல, நாட்டை நடத்திய ஓர் அரசியை அவர்கள் சந்திக்க வேண்டும்.

பெயரளவில் நாம் மங்கம்மாளை மறக்கவில்லை. சாலைக்கும் சத்திரத்துக்கும் மகாலுக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறோம். அந்தப் பெயருக்குரியவர் என்ன செய்தார் என்பதை அவருடைய சொந்த மாளிகையிலேயே அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் இனி நாம் செய்ய வேண்டியது.